கொலுசுப் பட்டறைக்காரர்கள் முதுகைக் காப்பது எப்படி?

சேலம் செவ்வாய்பேட்டையில் நாள் முழுக்கக் குனிந்து கொலுசு பற்றவைக்கிற எங்களுக்கு முதுகுதான் சொத்து. முதலில் உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். பழைய போர்வையை நாலாக மடித்து அதன் மேல் உட்காருங்கள். முழங்காலைவிட இடுப்பு உயர்ந்தால் கீழ்முதுகின் இயல்பான வளைவு கெடாது. வேலைப் பலகையையும் உயர்த்துங்கள். தலை வேலையைத் தேடிக் கீழே போகக் கூடாது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி 23 தட்டுகள் (டிஸ்க்) உண்டு. பெரியவர்களுக்கு அவற்றில் ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது, அசைவு இருந்தால்தான் சத்து நன்றாக உள்ளே போகும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் வளையுங்கள். அப்புறம், காலையில் வெறும் வயிற்றில் புஜங்காசனம், அதாவது குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் ஆசனம். வலிக்கும் அளவுக்கு வேண்டாம். கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.