பெரிய எண்ணைப் பகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் நிரல்மொழியில் எண் கணிதம் பழக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் எண் 147573952589676412927. 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இது பகா எண்ணா, இல்லையென்றால் காரணிகள் எவை என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் அதே தவறுகள்தான் வருகின்றன. என் தொடக்க காலத் தவறுகளும் இவையே. இலக்கம் விட்டுப்போவது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

பின்னம் வரவில்லை, ஆகவே வகுபடும்

அண்மையில் ஒரு மாணவி தன் நிரல் தந்த விடையைக் காட்டினார். 2, 3, 4, 5, 6, 7 என எல்லாமே காரணிகள்! எண் 7-இல் முடிகிறது, பிறகு 2 எப்படி வகுக்கும்? இலக்கங்களைக் கூட்டினால் 109, ஆக 3-உம் வகுக்காது. அவர் / குறியால் வகுத்து, ஈவில் பின்னம் இருக்கிறதா என்று பார்த்திருந்தார். அந்தக் குறி தருவது ஃபுளோட் எண், அதாவது கணினி குறிப்பிட்ட துல்லியத்தோடு மட்டும் சேமிக்கும் தசம எண். அதில் 53 பிட் துல்லியம்தான் உண்டு, அதாவது ஏறக்குறைய 16 இலக்கம். ஈவே 20 இலக்கம் இருந்தால் பின்னத்துக்கு இடம் ஏது? இந்த எண்ணை 32,000-க்குள் எதனால் வகுத்தாலும் விடை முழு எண்ணாகவே தெரியும்.

எண்ணையே ஃபுளோட்டாக மாற்றினால் இன்னும் மோசம். கடைசி 7, 8 ஆகிவிடும். அதாவது சரியாக 2-இன் 67ஆம் அடுக்கு. இரண்டே இரண்டு பெரிய பகா காரணிகள் கொண்ட எண், வெறும் 67 இரண்டுகளின் பெருக்கமாகிவிடுகிறது. எக்செலில் இட்டாலோ முதல் 15 இலக்கம் மட்டும் தங்கும், மிச்சம் ஆறும் பூஜ்யம். எங்கும் ஒரு பிழைச்செய்திகூட வராது. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். தெரிந்த ஒருவர் எண் பட்டியலை எக்செல் வழியாக அனுப்பி, வேறு எண்களுக்கே நாள்கணக்கில் கணினியை ஓட்டினார்.

சரி, என்ன செய்வது? % குறியால் மீதியைப் பாருங்கள். ஈவு வேண்டுமென்றால் // போதும். எக்செலைத் தவிர்க்க முடியாவிட்டால், எண்ணை உள்ளிடும் முன்பே அந்தக் கட்டத்தை உரை வகைக்கு மாற்றிவிடுங்கள்.

அடுக்கு பகா எண், ஆகவே எண்ணும் பகா எண்

இல்லை. 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89.

ஃபெர்மா சோதனையில் 2-ஐ மட்டும் வைப்பது

n பகா எண் என்றால், அதனால் வகுபடாத ஓர் எண்ணின் (n − 1)ஆம் அடுக்கை n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும்; இதுதான் ஃபெர்மா சோதனை. 2-ஐ வைத்தால் பகு எண்ணான 2047 தேறிவிடும், நம் எண்ணும் தேறிவிடும். 3-ஐ வைத்தால் 2047 மாட்டிக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை வைத்துச் சோதியுங்கள்.

காரணி கிடைக்கவில்லை, ஆகவே பகா எண்

1644-இல் கணித அறிஞர் மெர்சென் நம் எண்ணைப் பகா எண்ணாகவே பட்டியலிட்டார். 1876-இல் இன்னொரு கணித அறிஞர் லூகாஸ் ஒரு காரணிகூடக் காணாமலே இது பகு எண் என்று நிறுவினார். காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் கொடுத்தார்: 193707721, 761838257287. பகு எண் என்று காட்டுவது ஒரு வேலை, பகுப்பது வேறு வேலை.

எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது

67 பகா எண் என்பதால், இதன் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். அப்புறம், 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வர வேண்டும்; இதில் பாதி கழிந்துவிடும். கோலின் சிறிய காரணி 134 × 1445580 + 1. இந்த வரிசையில் போனால் சுமார் 7 லட்சம் வகுத்தல்களில் அதை எட்டிவிடலாம்.