மோரிஸ் மைனர் பிரேக்கில் காற்று நீக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் வைத்திருக்கும் பழைய மோரிஸ் மைனர் காரின் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால், பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். முதலில் சக்கரங்களின் டிரம்களுக்குள் உள்ள பிரேக் கட்டைகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் எடுப்பது வீண் வேலை. மிதியை அழுத்தும்போது எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால், விரிப்பை விலக்கி, மூடியைச் சுற்றியுள்ள செம்மண்ணைத் துடைத்த பிறகே பிரேக் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, காற்று நீக்கும் திருகில் தெளிவான குழாயை மாட்டி, அதன் மறுமுனையை எண்ணெய் உள்ள புட்டியில் மூழ்கவிட வேண்டும். உதவியாளர் மிதியை மெதுவாக அழுத்தும்போது திருகைத் தளர்த்தி, அவர் காலை எடுக்குமுன் இறுக்கி, குமிழிகள் நிற்கும்வரை இவ்வாறே தொடர்ந்து, பின்னர் மற்ற சக்கரங்களுக்குச் செல்லலாம். இடையில் சிலிண்டரில் எண்ணெய் வற்றினால் வேலை முழுவதும் மறுபடி தொடங்கும். டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாதலால், வெளியேறியதை மீண்டும் ஊற்றக் கூடாது.