போர்ட்ரெய்ட் (ஒருவரின் முகப்படம்) எடுக்க முதலில் ஒரே ஒரு லைட்

ஸ்டுடியோவில் இருக்கிற லைட்டையெல்லாம் ஒரேயடியாகப் போடாதீர்கள், எந்த நிழல் எதிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஒரு சாஃப்ட்பாக்ஸை (முன்னால் வெள்ளைத் துணி மூடி வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி லைட்) முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, நிழல் பக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதுதான் ஓவியர் ரெம்பிராண்டின் பெயரில் சொல்லப்படும் ரெம்பிராண்ட் லைட்டிங். மூக்கின் நிழல் உதட்டைத் தொட்டாலோ, கண்ணில் வெளிச்சப் புள்ளி தெரியாவிட்டாலோ லைட் உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். நிழல் மென்மையாக வேண்டுமென்றால் லைட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு தள்ளி வைக்கிறார்கள். நிழல் பக்கம் ரொம்பக் கறுத்தால் எதிரே ஒரு வெள்ளை அட்டை போதும்.

ஃப்ளாஷுக்கு ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் 1/125 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/8 என்று தொடங்கலாம். ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள) கேமராவில் 85 எம்எம் லென்ஸ் நல்லது, 35 எம்எம்மில் கிட்டப்போனால் மூக்குதான் பெரிதாக நிற்கும். கண்கள் ஃப்ரேமின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் இருக்கட்டும், ஃப்ரேமின் ஓரம் கையை மணிக்கட்டில் வெட்டும்படி எடுக்காதீர்கள்.

அப்புறம் எடுத்த படத்தை மற்றவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது. "எப்படி இருக்கு?" என்றால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "உங்கள் கண் முதலில் எங்கே போனது?" என்று கேளுங்கள். சட்டைக் காலர் என்று சொன்னால் அங்கே வெளிச்சம் கூடிவிட்டது. லைட் நின்ற இடத்தையும் ஒரு மொபைல் படமெடுத்துக் காட்டினால், எதை நகர்த்தலாம் என்றே சொல்லிவிடுவார்கள்.