சுவரில் மாட்டும் படம் சாயம் போகாமல் இருக்க

பாட்டி அரக்குப் பட்டுப்புடவையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கி, ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். மூன்றே வருஷத்தில் பாட்டி முகத்தில் பச்சை ஏறிவிட்டது. பிரேமைக் கழற்றிப் பார்த்தேன். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த கால் அங்குல ஓரத்தில் மட்டும் புடவை பழைய அரக்காகவே இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ஏதோ கருநீலம். அன்றிலிருந்து எந்த லேபுக்குப் போனாலும் முதலில் மையைத்தான் விசாரிக்கிறேன்.

டை இங்க் தண்ணீரில் கரைந்த சாயம். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். பிக்மெண்ட் இங்க், கரையாத நிறத்துகள்; பல மடங்கு தாங்கும். இங்க்ஜெட்டில் அடிக்கும் உயர்தரப் படத்துக்குச் சொல்லும் ‘ஃபைன் ஆர்ட் பிரிண்ட்’, ‘ஜிக்லே’ என்ற பெயர்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜிக்லே என்ற பெயரை 1991இல் வைத்தவர் ஜாக் டுகான் என்ற அமெரிக்க அச்சாளர். அவர் அப்போது ஓட்டிய ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரத்தின் மையே சாயம்தான். அதில் போட்ட பல படங்கள் சில வருஷத்திலேயே மங்கின. அதனால் “பிக்மெண்டா?” என்று நேராகவே கேளுங்கள். பிரிண்டரின் மாடல் எண்ணையும் வாங்கிக்கொண்டால் வீட்டில் சரிபார்க்கலாம்.

அடுத்தது தாள். பருத்தியில் செய்த, அமிலமில்லாத தாளைக் கேளுங்கள். ஹானமியூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக், 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்), பல இடங்களில் கிடைக்கிறது. பாட்டி படத்தை இரண்டாம் முறை அதில்தான் போட்டேன். கடைக்குப் போகும்போது ரூபாய் நோட்டுப் பார்க்கிற யூவி டார்ச் ஒன்றை எடுத்துப் போங்கள். விளக்கை அணைத்து, அச்சடிக்காத தாளின் மேல் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீலமாக மின்னினால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. நாளாக நாளாக அதன் பளிச்சு அடங்கி, தாள் மஞ்சளாகத் தெரியும். மின்னாமல் மந்தமாக இருப்பதையே எடுங்கள். விலை கூடத்தான், ஆனால் பாட்டி படத்துக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஃபைலைப் பொறுத்தவரை ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 பிக்சல் அகலத்தை 24 அங்குலத்துக்கு இழுத்தால் 250 வரும், அதுவும் போதும். முழுப் படத்தையும் போடுவதற்கு முன்னால் முகமும் புடவையும் வருகிற ஒரு துண்டை அதே தாளில் அடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மானிட்டரில் பார்த்ததைவிட இருட்டாகத்தான் வரும், திருத்திக்கொள்ளலாம்.

பிரேம் போடும் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பாட்டியின் முதல் படத்தைப் பின்னால் முழுக்க செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கழற்றும்போது பசை மஞ்சளாக ஊறியிருந்தது. படத்தைப் பொருத்த அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்ற அட்டையும், நான்கு முனைகளைச் செருகக் காகித மூலைகளும் கேளுங்கள். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. நம் கடலோரப் புழுக்கத்தில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மையும் சேர்ந்து வரும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஜன்னல் போல வெட்டிய போர்டு வைத்தால் இடைவெளி கிடைக்கும். யூவி தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கிடைத்தால் போடுங்கள். ஆனால் அதை நம்பி வெயிலில் மாட்டக்கூடாது.

நூறு வருஷம் தாங்கும் என்று விளம்பரத்தில் பார்த்தால், எந்த வெளிச்சத்தில் என்றும் பாருங்கள். அச்சுப் படங்கள் எத்தனை வருஷம் தாங்கும் என்று சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் கணக்கு, கண்ணாடிக்குப் பின்னால் நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). ஜன்னல் வழியே நேராக விழும் மாலை வெயில் அதைவிடப் பல மடங்கு. மழையில் ஊறும் வெளிச்சுவரும் ஆகாது. பூசணம் பூக்கும், ராமபாணப் பூச்சி வரும். பாட்டி இப்போது உள் நடையில், வெயில் எட்டாத சுவரில் இருக்கிறாள். பிரேமின் கீழ் முனைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டியிருக்கிறேன், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக. தாளின் பின்பக்க ஓரத்தில் மை, தாள், அச்சிட்ட தேதி மூன்றையும் மெல்லிய பென்சிலில் எழுதியிருக்கிறேன்.