கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றுவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஆரம்பத்தில் ஒருமுறை, ரோமன் எழுத்தில் ‘காலே’ என்று பெயர் போட்ட கண்ணாடிப் பூச்சாடியைப் பார்த்ததும் புத்தி கெட்டு, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். பிரான்சின் நான்சி நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே! வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், பெயருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு தேய்ப்பு. ருமேனியாவில் இதே பாணியில் செய்கிற சாடிகளில் ‘டிப் காலே’ என்று போடுவார்கள். அவர்கள் மொழியில் ‘டிப்’ என்றால் ‘மாதிரி’. அந்த மூன்று ரோமன் எழுத்தை யாரோ சாணை பிடித்து அழித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து சாடியைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துவிடுவேன். கையால் ஊதிச் செய்த சாடியில், சூடாக இருக்கும்போது தாங்கிப் பிடித்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த வடு, தொப்புள் மாதிரி, அடியில் இருக்கும். நல்ல பட்டறைக்காரர்கள் அதை வழவழப்பாகத் தேய்த்துவிடுவார்கள். அப்போது வட்டமான சிறு பள்ளம் தெரியும். அடுத்து, மேசையில் படும் விளிம்பு. நூறு வருடம் நகர்த்தி வைத்த சாடியில் கீறல்கள் நாலாபக்கமும் ஓடும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலையோ என்று சந்தேகப்படுங்கள்.

அடியில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று இருந்தால் காலம் சுலபம். அந்த நாடே 1918 அக்டோபரில்தான் பிறந்தது. “1900இல் ஆச்சி கல்யாணத்துக்கு வந்தது” என்ற கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கு பெல்ஜியம் கண்ணாடி வந்தது உண்மை. அதற்காகத் தெருவில் விற்கிறதெல்லாம் பெல்ஜியம் ஆகிவிடாது. நாட்டின் பெயர் இல்லை என்பதும் எதற்கும் சாட்சியல்ல. பலர் காகித லேபிள்தான் ஒட்டினார்கள், கழுவினால் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெயர். இன்னொரு பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞரான ரெனே லாலிக் 1945இல் இறந்தார்; பெயருக்கு முன்னால் ‘ஆர்’ எழுத்து இருப்பது பொதுவாக அதற்கு முந்தைய சரக்கு. காலே 1904இல் இறந்தபின், அவர் ஆலை சில வருடம் பெயரோடு ஒரு சின்ன நட்சத்திரத்தையும் சேர்த்தது. போலி செய்பவர்களுக்கும் இதெல்லாம் தெரியும்.

சில கடைக்காரர்கள் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை அடித்துக் காட்டுவார்கள். சாடி பச்சையாக ஜொலித்தால் அதில் யுரேனியம் இருக்கிறது, அவ்வளவுதான். பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றிலுமே அப்படிச் செய்தார்கள். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, மறுபடி கவிழ்த்துப் பாருங்கள்.