முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) சிக்கிய வலையை எடுப்பது எப்படி? திருகோணமலைக் கரையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அறுந்துபோன தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையால் பின்னிய வலை) கடலடியில் கிடந்தாலும் மீன் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். சிக்கிய மீனைத் தின்ன நண்டு வரும், நண்டைத் தின்னப் பங்குனி ஆமை வரும். கடைசியில் எல்லாமே ஒரே வலைக்குள் கிடக்கும். நெஞ்சளவுத் தண்ணீருக்குள் கிடக்கும் வலையை ஊரவர் ஏழெட்டுப் பேர் சேர்ந்தாலே எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஆழமென்றால் பயிற்சி பெற்ற சுழியோடிகளிடம் விடுங்கள்.

முதலில் வாடிக்கு (மீனவர் கரையில் தங்கும் கொட்டிலுக்கு) போங்கள்

கத்தரிக்கோல் வாங்குவதற்கு முன் அந்தக் கரையின் மீனவர் சங்கத்தோடு பேசுங்கள். நேற்றிரவு போட்ட வலையைக் கைவிட்ட வலை என்று நினைத்து வெட்டினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும், உங்கள் குழுவை அந்தக் கரையில் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். பாசி படர்ந்து, சுருண்டு, மிதவை இல்லாமல் கிடப்பதுதான் பெரும்பாலும் விடுபட்ட வலை. ஆனாலும் அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அங்கே தொழில் செய்பவர்கள்தான். அவர்களில் ஒருவரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கூசி வலை 2006 முதல் இலங்கையில் தடை. அதற்காகத் தொழிலில் இருக்கும் வலையில் நீங்கள் கை வைக்கக்கூடாது. அது கடற்றொழில் திணைக்களத்தின் வேலை.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் தொடாதீர்கள்.

நாளும் நேரமும்

மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கக் கடல் அமைதி. காலை 6 மணிக்கு இறங்கி, காற்று எழும்புவதற்குள் 9 மணிக்குக் கரையேறுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாவிட்டால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

கையில் என்ன வேண்டும்

மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் வெட்டும் ஆளுக்கு இரண்டு: ஒன்று கையில், மற்றது இடுப்பில். ஒரு கை வலையில் மாட்டினால் இரண்டாவதுதான் காப்பாற்றும். கூர்முனைக் கத்தி கல்லையும் கிழிக்கும், பக்கத்தில் நிற்பவரையும் கிழிக்கும். தடித்த கையுறை, தடித்த அடியுள்ள சப்பாத்து, முகக்கண்ணாடி, நான்கைந்து உரச்சாக்கு, சுடுநீர்ப் போத்தல். நச்சு முள்ளுள்ள மீன் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் (45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல்) காயத்தை வைத்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சுடுநீர் அதற்குத்தான்.

இழுக்காதீர்கள், வெட்டுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வலையின் ஒரு முனையைப் பிடித்து எல்லோருமாக இழுப்பது. மான்கொம்பு முருகைக்கல் நன்றாக வளரும் இடத்திலேயே ஆண்டுக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர்தான் வளரும். ஒரே இழுவையில் பல ஆண்டு வளர்ச்சி முறிந்து கையோடு வந்துவிடும்.

இருவர் இருவராகவே இறங்குங்கள். ஒருவர் வலையைத் தளர்த்திப் பிடிக்க, மற்றவர் கொம்பைச் சுற்றிய ஒவ்வொரு வலைக்கண்ணாக வெட்ட வேண்டும். கல்லின் மேல் காலூன்றாதீர்கள், மணலில் நில்லுங்கள். கை அகலத் துண்டுகளாக வெட்டி உடனுக்குடன் சாக்கில் போடுங்கள். வெட்டிய துண்டு மிதந்து உங்கள் காலையே சுற்றும். இந்த வேலையில் ஆபத்து அங்கேதான். வலையின் அடியில் பாரத்துக்குக் கட்டிய ஈயக்கயிற்றைக் கடைசியில் எடுங்கள், அதுவரை அதன் பாரம் வலையை அலைய விடாது. வலையை மூடிக் கல் வளர்ந்துவிட்டால் அந்தப் பகுதியை அப்படியே விட்டு, வெளியே தொங்குவதை மட்டும் நறுக்குங்கள்.

சாக்கை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் இருவராலும் தூக்க முடியாது.

ஆமை சிக்கியிருந்தால்

மற்ற வேலையை நிறுத்துங்கள். ஆமையின் துடுப்புக் காலில் இறுகிய இழையை உடலுக்கு வெளிப்புறமாக வெட்டுங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வயிறு கீழே இருக்க நிழலில் வைத்து, பின்பக்கத்தைச் சுமார் 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, ஈரத்துணியால் போர்த்துங்கள். மூக்கை மூடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோர்ந்த ஆமையைத் திரும்பக் கடலில் விட்டால் மூழ்கிவிடும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கரையில்

வலையைக் கரையில் எரிக்க வேண்டாம்: நச்சுப் புகையும், உருகி இறுகிய பிளாஸ்டிக் கட்டியும்தான் மிஞ்சும். மணலில் புதைத்தாலோ வாடைக்காற்றுக் கடல் அதைத் தோண்டித் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். உதறிக் காயவிட்டு, ஈயத்தையும் மிதவையையும் கழற்றுங்கள். பிறகு ஒரு சிறு துண்டை வாளித் தண்ணீரில் நன்றாக அமுக்கி விடுங்கள்: நைலோன் தாழும், பொலித்தீன் கயிறு மிதக்கும். இரண்டையும் கலந்து கொடுத்தால் மீள்சுழற்சிக்கு எடுக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு கொப்பியில் திகதி, இடம், காய்ந்த எடை, கண்ணின் அளவு நான்கையும் எழுதுங்கள். கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளக்க வேண்டும். அதன் பிரதி ஒன்றைச் சங்கத்திடம் கொடுங்கள். எந்தக் கல்லில் வலை அடிக்கடி மாட்டுகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை அதை விலக்கி வலை போடுவது அவர்களுக்கும் ஆதாயம்.