வெற்றி எத்தனை, டிரா எத்தனை?
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பேரனுக்கு வாக்கியக் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணியின் புள்ளிப்பட்டியல் மட்டும் தலைகீழ்ப் பாடம். அதையே பிடித்துக்கொண்டேன்.

இங்கே தென்னாப்பிரிக்கக் கால்பந்து பிரிமியர் லீக்கில் 16 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 30 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, டிரா 1, தோற்றால் ஒன்றுமில்லை. நான் கொடுத்த கணக்கு: ஓர் அணி 6 ஆட்டம் தோற்று, 54 புள்ளி எடுத்தது. வெற்றி எத்தனை?

எக்ஸ், ஒய் என்றதும் அவன் முகம் சுருங்கியது. (சமன்பாடு பிறகு வரட்டும், அவசரமில்லை.)

"தோற்காத 24 ஆட்டமும் டிரான்னு வச்சுக்கோ கண்ணா."

"அப்போ 24 புள்ளிதான் தாத்தா. இன்னும் 30 வேணுமே!"

ஒரு டிராவை வெற்றியாக மாற்றினால் 2 புள்ளி கூடும். 30ஐ 2ஆல் வகுத்தால் 15 வெற்றி. மீதி 9 டிரா. சரிபார்த்தோம்: 45 + 9 = 54.

கூடுதலாகத் தேவைப்படும் புள்ளி ஒற்றைப்படையில் வந்தால் எங்கேயோ தப்பு என்று உடனே தெரிந்துவிடும். எனக்கு இந்த வழி பிடிக்க அதுவும் காரணம்.

ரக்பிக்கு அப்படியே ஒத்துவராது. அங்கே வெற்றிக்கு 4, டிராவுக்கு 2, மேலே போனஸ் புள்ளி வேறு. போனஸைக் கழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.